ஊர் சிறிதென்று உழைப்பைக் குறைக்காதவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முழுமூச்சான உழைப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். ஜப்பானியர் இதற்கு ‘இஷ்ஷோகென்மே’ என்பார்கள். பள்ளிப் பிள்ளை தேர்வுக்குப் படிப்பதற்கும், தச்சர் இழைப்புளி பிடிப்பதற்கும், கிழவி தோட்டத்தில் களை பறிப்பதற்கும் அங்கே இந்த ஒரே சொல்தான். இதன் பழைய வடிவம் காமகுரா காலத்தது, அதாவது 1185 முதல் 1333 வரையிலான காலம். மானியமாகக் கிடைத்த ஒரே ஒரு நிலத்தை உயிரைப் பணயம் வைத்துக் காத்து நின்ற போர்வீரர்களின் வாழ்க்கையிலிருந்து அது பிறந்தது. பின்னாளில் ‘ஓர் இடம்’ என்ற பகுதி ‘வாழ்நாள் முழுதும்’ என்று மாறிப்போயிற்று. அந்தப் பழைய இடத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு நம் ஊர்ப்பக்கம் வந்துவிடுகிறேன்.

இடம் என்று சொன்னதும் எனக்கு நினைவுக்கு வருவது, நம் சிற்றூர்களில் அன்றாடம் காதில் விழும் ஒரு பேச்சு. “நம்ம ஊருக்கு இது போதும்.” கட்டடம் கட்டுகிறவர் சொல்கிறார், நூலகத்துக்குப் புத்தகம் வாங்குகிறவர் சொல்கிறார், கல்லூரியில் பாடம் நடத்துகிறவரும் சில சமயம் சொல்லிவிடுகிறார். சென்னையில் என்றால் வேறு மாதிரி செய்திருப்போம், டெல்லியில் என்றால் இன்னும் நன்றாகச் செய்திருப்போம், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சோம்பலைக்கூட ஒரு பருவத்தில் விரட்டிவிடலாம். இந்த ‘போதும்’ மட்டும் தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரைக் குள்ளமாக்கிவிடும்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இந்த இரண்டு ஊர்களிலும் அப்படிச் சொல்லாதவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். அவர் பன்மொழிப் புலவர் மு.கு. ஜகந்நாத ராஜா. 1933இல் பிறந்து 2008இல் மறைந்தவர். ராஜபாளையத்தில் மணிமேகலை மன்றத்தை வளர்த்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, வடமொழி, பிராகிருதம், பாலி என்று மொழிக்குமேல் மொழியாகக் கற்றவர். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்த மால்யதா’வைத் தமிழுக்குக் கொண்டுவந்ததற்காக 1989இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர்.

இந்த மூன்று நான்கு வரிகளை விழா அழைப்பிதழில் அச்சிட்டுவிடலாம். அவற்றுக்குப் பின்னால் எவ்வளவு வேலை கிடக்கிறது என்பதை இந்த அவையில் இருக்கும் இளைஞர்களுக்குக் கொஞ்சம் பிரித்துக் காட்ட விரும்புகிறேன்.

ராஜபாளையத்தில் ராஜு சமூகத்தார் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தெருவில் தமிழ் பேசுவார்கள். அதனால் அவருக்குத் தெலுங்குக் காவியம் எளிதாக வந்திருக்கும் என்று சிலர் நினைக்கலாம். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆந்திரத்தை விட்டு வந்த குடும்பங்களின் வீட்டுத் தெலுங்கு வேறு, விஜயநகர அவையின் காவியத் தெலுங்கு வேறு. அம்மாவிடம் சோறு கேட்ட மொழியை வைத்துக்கொண்டு ராயரின் ஒரு பாடலைக்கூடத் தாண்ட முடியாது. தெலுங்கையே தாய்மொழியாகக் கொண்டு ஆந்திரத்தில் படித்த பண்டிதர்களுக்கும் உரையின் துணை வேண்டியிருக்கிற நூல் அது. தெலுங்கின் ஐம்பெருங்காவியங்களுள் ஒன்றாக வைத்து மதிக்கப்படுவது. நீண்ட வடமொழித் தொடர்களும் அபூர்வமான நாட்டு வழக்குகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பது.

அந்தக் காவியத்துக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவைத் தெரிந்தவர்கள் பலர் இந்த அவையில் இருப்பீர்கள். 1509 முதல் 1529 வரை ஆண்ட பேரரசர் கிருஷ்ணதேவராயர், படையெடுப்புக்குப் போகும் வழியில் கிருஷ்ணா நதிக்கரையை ஒட்டிய ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர விஷ்ணுவை வணங்குகிறார். கனவில் பெருமாள் தோன்றி, தன் திருமணக் கதையைத் தெலுங்கில் பாடு என்கிறார். எந்தத் திருமணம்? ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் கிடைத்த பெண்ணான ஆண்டாளை அரங்கன் மணந்த கதை. சூடிக்கொடுத்தவள் என்பதுதான் நூலின் பெயரே. துங்கபத்திரைக் கரையில் இருந்து ஆண்ட ஒருவர் இங்கிருந்து கதையை எடுத்துக்கொண்டு போனார். ஏறத்தாழ நாலரை நூற்றாண்டு கழித்து, அடுத்த ஊர்க்காரர் ஒருவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். நூலின் தொடக்கத்தில் ராயர் ஸ்ரீவில்லிபுத்தூரை வருணிக்கிறார். வயல் வாய்க்காலில் வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகின்றன. ஊர்க்காவலர்கள் அந்தப் பக்கம் வருகிறார்கள். விடியலில் குளித்துவிட்டுப் போன அந்தணர்கள் பிழிந்து வைத்த வேட்டிகளை மறந்துவிட்டார்கள் என்று எண்ணி, அவற்றை எடுத்து வீட்டில் சேர்ப்பதற்காகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். ‘வேட்டிகள்’ எழுந்து ஓடுகின்றன. நெல் காக்கும் பெண்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இவ்வளவும் தெலுங்கில் நாலே அடி. ஒரே வாக்கியம். வாத்தில் தொடங்கிச் சிரிப்பில் முடிகிறது. வாய்க்கால், விடியல், குளியல், பிழிந்த துணியின் வடிவம், காவலரின் கடமையுணர்வு எல்லாம் நடுவில் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. மொழிபெயர்ப்பவர் எங்கே வெட்டினாலும் கடைசிச் சிரிப்பு வலுவிழக்கும். வெட்டாமல் விட்டால் தமிழ் வாசகர் மூச்சுத் திணறுவார். ஊர்க்காவலருக்குத் தலையாரி என்று போடலாமா, போட்டால் ராயரின் காலம் போய் ஜமீன் காலம் வந்துவிடுமா? ஒரு சொல்லுக்கு ஒரு பகல் போகும். எண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட நூலில் இது ஒரு பாடல்!

இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வாரின் விருந்தோம்பலை ராயர் பாடும் இடம். வானமே ஊற்றாகிப் பொழியும் அடைமழைக் காலம். காய்ந்த விறகு கிடைக்காத நாளில், மனைவி கண்ணில் புகை ஏறாதபடி தேங்காய்ச் சிரட்டையை எரித்துச் சமைக்கிறாள். சோறு, தோல் நீக்கிய பருப்பு, நாலைந்து கறி, வடகம், வற்றல், தயிர், மேலே நெய். வந்த அடியார்களை உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். பேரரசர் ஒருவருக்கு அடுப்பங்கரையில் சிரட்டை எரிவது தெரிந்திருக்கிறது, அதற்குக் காரணமும் தெரிந்திருக்கிறது! கோயில், கோபுரம், அரண்மனை பாடுவதற்குக் கவிகள் ஏராளம். மழைநாளில் விருந்துக்கு ஆள் வந்தால் வீட்டுப் பெண் என்ன பாடுபடுகிறாள் என்று எட்டிப் பார்த்த கவி இவர். அந்த வரியை நம் மொழியில் படிக்கிறபோது, மழையில் நனைந்த விறகோடு போராடிய நம் பாட்டிமார்கள் எல்லோரும் அந்த அடுப்பின் முன் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு ராஜபாளையத்துக்காரர் என்பதில் எனக்குப் பெரிய பெருமிதம்.

அகாதெமியின் பரிசோடு அவர் பணி முடிந்துவிடவில்லை, அதற்குள் அடங்கிவிடவும் இல்லை. சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் ‘காதா சப்தசதி’யைத் தமிழில் தந்தார். அது மகாராஷ்டிரிப் பிராகிருதத்தில் அமைந்த எழுநூறு சிறு பாடல்களின் தொகை. கிராமத்துக் காதல், கணவன் வெளியூர் போன வீடு, வயல்வெளிச் சந்திப்பு, மாமியாரின் கண்காணிப்பு என்று அதன் உலகம் நம் அகப்பாடல்களுக்கு மிக நெருங்கியது. குறுந்தொகை படித்தவருக்கு அதில் அந்நியம் தோன்றாது. பிராகிருதத்தைச் ‘சாயை’ எனப்படும் வடமொழிப் பெயர்ப்பின் வழியாகப் படித்துவிட்டுப் போவதுதான் பண்டிதர்களின் பொது வழக்கம். மூலத்தையே கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் முனைந்தால் அவர் எங்கே போவது? ராஜபாளையத்தில் பருத்திக்குச் சந்தை உண்டு, மாம்பழத்துக்குச் சந்தை உண்டு, பிராகிருதத்துக்கு ஒரு திண்ணைப் பள்ளிகூடக் கிடையாது. கற்றால் வேலை கிடைக்காது. மொழிபெயர்த்தால் வாங்குவதற்குக் கூட்டம் வராது. பக்கத்துத் தெருவில் அதைப் பற்றிப் பேச இன்னொருவர் இருப்பாரா என்பதே கேள்வி. அந்த நிலையில் ‘காதா சப்தசதி’யை முடித்து, ‘வஜ்ஜாலக்கம்’ என்ற இன்னொரு பிராகிருதத் தொகையையும் அவர் தமிழாக்கினார். ‘தமிழும் பிராகிருதமும்’ என்று தனியே ஒரு நூலும் எழுதினார். “நம்ம ஊருக்கு இது போதும்” என்று அவர் ஒரு நாள் நினைத்திருந்தால் இவற்றில் ஒன்றும் நம் கைக்கு வந்திருக்காது.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியை எல்லோரும் சேவித்திருப்பீர்கள். அதைச் செய்வதை அருகில் இருந்து பார்த்தவர்கள் குறைவு. மூக்குக்கு மாதுளம்பூ. உடலுக்கு மரவள்ளி இலை. இறக்கைக்கு நந்தியாவட்டை இலை. வாலுக்கு அரளி மொட்டுகள், வெள்ளையும் சிவப்பும் கலந்து. கண்ணுக்குக் காக்காப்பொன். உள்ளே மூங்கில் குச்சி, கட்டுவதற்கு வாழைநார். செடியிலிருந்து பறித்து வரும் இவ்வளவும் சேர்ந்து ஒரு கிளியாக நிற்க நான்கைந்து மணி நேரம் ஆகிறது. இலை வாடியிருந்தால் மடிக்கும்போது விரியும். நார் காய்ந்திருந்தால் இறுக்கும்போது அறும். மாதுளம்பூவின் வளைவு சரியாக அமையாவிட்டால் கிளி காக்கையாகிவிடும், அதனால் பத்துப் பூவில் ஒரு பூவைத் தேடவேண்டும். பரம்பரையாக இந்தக் கைங்கரியத்தைச் செய்துவருகிறார்கள். மாலையில் கிளி ஆண்டாளின் கைக்குப் போகிறது. மறுநாள் அதைப் பக்தர் ஒருவர் பிரசாதமாகப் பெற்றுக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார். அன்றைக்கு வேறு கிளி.

நேற்றைய கிளி நன்றாக அமைந்தது என்பதால் இன்றைக்கு ஒரு பொழுது ஓய்வு கிடையாது. நேற்று சரியாக அமையவில்லை என்றால் அதைத் திருத்தவும் வழி கிடையாது, கிளி போய்விட்டது. சேமித்து வைக்கக்கூடிய எதுவும் அந்தக் கையில் மிஞ்சுவதில்லை, பழக்கம் ஒன்றைத் தவிர. ஜப்பானில் இசே என்னும் ஊரில் ஒரு பெரிய ஷிந்தோ ஆலயம் இருக்கிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. கட்டடத்தைக் காப்பதைவிடக் கட்டும் கையைக் காப்பதே முக்கியம் என்று உலகம் முழுவதும் அதை எடுத்துக்காட்டிப் பேசுகிறார்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை அங்கே நடப்பது நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாள்தோறும் நடக்கிறது. இதையும் உலகம் பேசவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் பள்ளிப் பிள்ளைகளுக்காவது தெரியவேண்டும் என்று கேட்கிறேன்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடம் பிடிக்கும் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை போடுகிறவர்களை எத்தனை பேர் பார்க்கிறோம்? அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இருக்கும் கட்டைதான். தவறினால் கால் போகும், சில நேரம் உயிர் போகும். அந்த நாலு மாட வீதி சுற்றிவரும் வரை அவர்கள் கண் சக்கரத்தை விட்டு எழுவதில்லை. ஜப்பானியப் போர்வீரன் உயிரைப் பணயம் வைத்தான் என்று கதையாகப் படிக்கிறோம், இங்கே அது நம் கண் முன்னால் நடக்கிறது.

இவ்வளவு சொன்னபின் ஒன்றைத் தெளிவுபடுத்தாமல் நான் இறங்கினால் பேச்சு தவறான கைக்குப் போய்விடும். முழுமூச்சான உழைப்பு என்ற பேச்சைத் தொழிலாளரிடம் வேலை வாங்குகிறவர்கள் மிக விரும்பிக் கேட்பார்கள். ஜப்பானிலேயே அது நடந்தது. அளவுகடந்த வேலையால் வரும் சாவுக்கு ‘கரோஷி’ என்று தனிப்பெயரே வைக்கவேண்டிய நிலை வந்தது. அதைத் தடுப்பதற்கு 2014இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2019 முதல் கூடுதல் நேர வேலைக்குச் சட்டப்படி உச்சவரம்பு கட்டினார்கள். அர்ப்பணிப்பைக் கொண்டாடிய நாடு அந்த அர்ப்பணிப்புக்கு வேலி போடவேண்டியிருந்தது.

நம் பகுதி பருத்தி நூலால் வளர்ந்த பகுதி. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் இந்த ஊரின் கடிகாரம் ஷிப்டுச் சங்கோடு சேர்ந்து ஓடுகிறது. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணி நாட்டின் எந்தெந்த மருத்துவமனைகளுக்கோ போகிறது. நீளமான இயந்திர வரிசையில் நடந்துகொண்டே, அறுந்த இழையை நொடியில் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டு அடுத்த கதிருக்குப் போகும் பெண்ணின் விரலில் இருப்பது பெரிய திறமை. அந்தத் திறமையும் கவனமும் அவளுடையவை, அவள் மனமுவந்து தருபவை. நேரமோ சட்டத்துக்கு உட்பட்டது. வாரத்துக்கு 48 மணி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எல்லை கட்டியது, பலர் போராடிப் பெற்ற எல்லை அது. ஜகந்நாத ராஜா ஒரு சொல்லுக்காக நள்ளிரவு வரை விழித்திருக்கலாம், அது அவர் விருப்பம். அந்த விழிப்பை உதாரணம் காட்டி ஒரு மில் தொழிலாளியை இரண்டாவது ஷிப்டுக்கு நிறுத்திவைக்க யாருக்கும் உரிமை இல்லை. தானாகத் தருவதற்கும் பிடுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை நிர்வாகப் படிப்புப் படிக்கும் மாணவர்கள் இங்கே இருந்தால் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

தானாகத் தந்தவர்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா, தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். பெற்றோரைச் சின்ன வயதிலேயே இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர், வளர்ந்த ஊருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். இதற்குமேல் அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

எனக்கு உள்ள கவலை இவர்களைப் போற்றாமல் விட்டுவிடுவோம் என்பதன்று. போற்றுவதில் நாம் கெட்டிக்காரர்கள். பிறந்தநாளுக்கு மாலை போடுவோம், மலர் வெளியிடுவோம். அவர்கள் செய்த வேலையை எடுத்துத் தொடர்வதுதான் நடப்பதில்லை. இந்த இரண்டு ஊர்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் படிக்கிறார்கள். அவர்களில் தெலுங்கு எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பிராகிருதத்தில் ஒரு வரி படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவராவது இருக்கிறாரா? ஜகந்நாத ராஜா தனி ஆளாகச் செய்ததை ஐந்து பேர் சேர்ந்தாவது செய்யக் கூடாதா?

ஆகவே, புகழுரையோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த அறக்கட்டளையிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆண்டுதோறும் ஆடிப்பூரத்தை ஒட்டி ஒரு நாள் ‘ஆமுக்த மால்யதா’ வாசிப்பு நடத்துங்கள். ஒருவர் ராயரின் தெலுங்கைப் படிக்கட்டும், இன்னொருவர் ஜகந்நாத ராஜாவின் தமிழைப் படிக்கட்டும். இடம் தேட வேண்டியதில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அதே நூலகத்தில் ஜகந்நாத ராஜாவின் நூல்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, மாணவர் கேட்டால் எடுத்துக் கொடுக்கும்படி வையுங்கள். கிளி செய்யும் கைங்கரியக்காரர்கள் சம்மதித்தால், எந்த மாதத்தில் எந்தத் தோட்டத்தில் எந்த இலை கிடைக்கிறது, மழைக்காலத்தில் நாரை எப்படிப் பதப்படுத்துகிறார்கள், மரவள்ளி இலை கிடைக்காத நாளில் என்ன செய்கிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்கு அவர்களுக்கு உரிய ஊதியமும் கொடுங்கள்.

இந்தச் சொற்பொழிவுக்காக எனக்கு ஒரு மதிப்பூதியம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை அந்த நூல்களை வாங்குவதற்கான முதல் தொகையாக வைத்துக்கொள்ளும்படி பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தெலுங்கு வாசிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், முதல் ஆண்டு நானே வந்து வாத்துப் பாடலிலிருந்து தொடங்கி வைக்கிறேன்.